படம் நிறைந்த இடம்

திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்குமுன் கால் மணி நேரம் படம் பார்ப்பது அந்தச் சாயப்பட்டறையின் வழக்கம். வார விடுமுறையில் எங்கேயாவது போய்வந்தவர்கள் சாப்பாட்டு அறையின் திரைச்சுவரில் கையை வைத்தால் போதும், அவர்களுடைய பயணப் படங்கள் சுவரளவுக்கு விரியும். மற்றவர்கள் டீயைக் குடித்தபடி பார்ப்பார்கள்.

அன்றைக்குத் தன்ஷிகாவின் முறை. பெருந்துறையில் அந்தப் பட்டறைக்கு அவள் வந்து இருபது வருடமாகிறது. நிறம் பார்ப்பது அவள் வேலை. நனைத்தெடுத்த துணியின் சாயம் மாதிரித் துணியோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கருவி சரியென்று விட்ட துணியையும் சில சமயம் அவள் திருப்பி அனுப்புவாள். அதனால் சிலருக்கு அவள்மேல் மரியாதை, சிலருக்கு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக மேகந்தட்டிப் பாறைக்குப் போய்வந்திருந்தாள். மலைமுகட்டிலிருந்து பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாறை அது. முதல் படத்தில் பச்சைக் கம்பி வேலியில் சாய்ந்து நின்றாள். பின்னால் அடுக்கடுக்காக மலைகள். தோளுக்குப் பக்கத்தில் பஞ்சுப் பொதிபோல ஒற்றை மேகம். வேலியோரம் செக்கச்செவேலெனப் பூத்த மரம்.

"போன வருசம் நாங்க போனப்பவும் இதே மேகந்தானுங்க்கா," என்றாள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ரேவந்தி. "எனக்கு வலது தோள்ல நின்னுச்சு. உங்களுக்கு எடது தோள்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, ஒரே ஊர்க்காரர் என்று தெரிந்தவுடன் சிரிப்பார்களே, அப்படி. தன்ஷிகாவும் சிரித்துவிட்டு நான்காவது படத்துக்குப் போனாள். அங்கே அவள் சிரிப்பு நின்றது.

அந்தப் படத்தை அவள் மண்டியிட்டு எடுத்திருந்தாள். கம்பி வேலிக்கு ஆறடி முன்னால், பாறையின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலம். மேற்குக் கோடியில் புதருக்குப் பின்னால் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குப் பிளந்திருந்தது. சின்னக் கல்லொன்றை உள்ளே போட்டுப் பார்த்தாள். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. உள்ளிருந்து குளிர்ந்த காற்று மட்டும் முகத்தில் அடித்தது. அதைத்தான் எடுத்தாள். சுவரில் விரிந்த படத்திலோ வழவழப்பான முழுப்பாறை. அதன்மேல் பொட்டு மாதிரி மஞ்சள் பூ ஒன்று.

"தரையப் போயி எடுத்திருக்கீங்க," என்றாள் ரேவந்தி. மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள்.

காரணம் தன்ஷிகாவுக்குத் தெரியாதது அல்ல. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அவள் சிறுமியாக இருந்தபோது, படச் சேமிப்பகங்களைக் குளிரவைக்கவே அணைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த ஒரு கொடிய கோடையில், ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. உலகம் சேர்த்து வைத்திருந்த படங்களில் பாதிக்கு மேல் சில ஆயிரம் இடங்களின் படங்கள்தான். அதே அருவி, அதே கோபுரம், அதே சூரிய உதயம். முன்னால் நிற்கிற ஆள் மட்டும் வேறு. அதன் பிறகு வந்ததுதான் படநிறைவுச் சட்டம். போதுமான அளவு எடுக்கப்பட்டுவிட்ட இடம் 'படம் நிறைந்த இடம்' என்று அறிவிக்கப்படும். அங்கே எந்தக் கேமராவை நீட்டினாலும் அது ஆளை மட்டும் புதிதாக எழுதிக்கொள்ளும். முகம், உடை, நின்ற நிலை, அவ்வளவுதான். மலையும் மரமும் வானமும் பொதுப்படக் களஞ்சியத்தில் இருக்கும் மூலப்படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒருவரும் எதிர்க்கவில்லை. படங்கள் அழகாகிவிட்டனவே. மூடுபனி இல்லை, குப்பை இல்லை, பின்னால் யாரோ தலைசொறிந்துகொண்டு நிற்பதில்லை. பத்து வருடத்தில் அது ஒரு சட்டம் என்பதே மறந்துபோய், படம் என்றாலே அப்படித்தான் என்றாகிவிட்டது. வேலி உண்மையில் துருப்பிடித்த செங்காவி நிறத்தில் இருந்தது, பூமரம் எப்போதோ பட்டுப்போய் மொட்டையாக நின்றது என்றெல்லாம் தன்ஷிகா பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை.

மத்தியானம் தம்பி ருத்விக் கூப்பிட்டான். கோவையில் பம்ப்செட் கம்பெனியில் இருப்பவன்.

"அக்கா, உன்ற படம் பாத்தேன். எங்க செக்சன்ல எல்லாருக்கும் அனுப்பிச்சுட்டேன். சனிக்கெழம பதினாறு பேரு கெளம்பறோம்."

"டேய், அங்க பாறை வெடிச்சிருக்குதுடா. வேலிகூட வெளிப்பக்கமா சாஞ்சு நிக்குது."

"நீயே அதுமேல சாஞ்சுட்டு நிக்கறே?"

"அதுக்கப்பறம்தான் பாத்தேன்."

மறுமுனையில் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "ஒண்ணும் காணமேக்கா. நல்லாத்தான இருக்குது," என்றான்.

அன்று மாலைவரை அவள் மனம் வேலையில் நிற்கவில்லை. மலையின் காட்சியிட அலுவலகத்தை அழைத்தாள். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் படம் அனுப்பச் சொன்னாள். அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "நீங்கள் அனுப்பிய படத்தில் பாறை நல்ல நிலையில் உள்ளது. தங்கள் அக்கறைக்கு நன்றி." மறுபடி அழைத்து, கேமரா அப்படித்தான் காட்டும் என்று விளக்கினாள். "தெரியுமுங்க மேடம். ஆனா புகாருக்குப் படம் இணைக்கணும். பாறைக் காவலர் மாசாமாசம் படம் அனுப்பறாருங்க. எல்லாத்துலயும் பாறை நல்லாத்தான் இருக்குது," என்றாள் அவள்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுத் தன்ஷிகா மறுபடி மலையேறினாள். இருந்து பார்க்கலாம் என்றால் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணை மூடினால் அந்தக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

காவலரின் பெயர் பசுவண்ணன். நாற்பதை நெருங்கும் வயது, காக்கிச் சீருடை, கறுத்து ஒடிசலான உடம்பு. பாறைக்குப் பின்பக்கச் சரிவில்தான் வீடு. வெடிப்பைப் பற்றி அவள் பேச்செடுத்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தொலைந்த பொருளை வேறொருவரும் பார்த்திருக்கிறார் என்று கேட்டவரின் முகம்.

"உங்க கண்ணுக்கும் தெரிஞ்சுதுங்ளா," என்றார்.

வெடிப்பின் குறுக்கே அவர் மூங்கில் குச்சிகளை இறுக்கிச் செருகி வைத்திருந்தார். மழை முடிந்தபோது செருகியது இப்போது ஆடிக்கொண்டு கிடந்தது. புதிதாகச் செருகியது மட்டும் இறுக்கம். அதுவும் நான்கு நாளில் தளர்ந்துவிடும் என்றார். "படம் புடிச்சு அனுப்பினேனுங். பாறை நல்லாருக்குதுன்னாங்க. பென்சில்ல வரைஞ்சு அனுப்பினேன். வரைஞ்சதெல்லாம் சாட்சி ஆகாதுன்னுட்டாங்க. இஞ்சினீரு ஒருத்தரு வந்தாருங். அடிவாரத்துல காரை நிறுத்திட்டு ட்ரோனை மேல உட்டாரு. அந்த ட்ரோனுக்கும் இது படம் நெறஞ்ச எடந்தானுங்களே. பாத்துட்டுப் போயிட்டாரு."

"இந்த எடத்தை மறுபடி எடுக்கச் சொல்லலாமில்லீங்க?"

"எழுதினேனுங். எடம் மாறியிருக்குதுன்னு நிரூபிச்சாத்தான் மூலப்படத்தை மாத்துவாங்களாம். நிரூபிக்கறதுக்குப் படம் வேணுமாம்." அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தடுப்பாகக் கயிறு கட்டினாலும் படத்தில் அது தெரிவதில்லை, ஆகவே வந்தவர்கள் அதை மதிக்காமல் தாண்டிப் போகிறார்கள் என்றார்.

தன்ஷிகா வெடிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைப்பேசியைப் பிடித்தபடி, எந்த எண்ணமும் இல்லாமல், மற்றொரு கையை உள்ளே விட்டாள். திரையில் அவள் கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே முழுப்பாறை. முழங்கைவரை விட்டாள். முழங்கையோடு கை முடிந்தது. கேமராவுக்கு ஆள் மட்டும்தான் புதிது. ஆளில் எந்தப் பாகம் மூலப்படத்துப் பாறைக்குக் கீழே போகிறதோ அதைப் பாறை மறைத்துவிடுகிறது.

"இங்க பாருங்க," என்றாள்.

பசுவண்ணன் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப நாந்தானுங் எறங்கணும்," என்றார். அவள் வேண்டாம் என்றாள். மேற்குக் கோடிப் பிளவில், இடுப்பாழத்தில் ஒரு கல் சிக்கி நிற்கிறது, போன மாதம்கூட அதில் நின்று குச்சி செருகினேன் என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைப் பட்ட மரத்தின் அடியில் முடிந்துவிட்டு இறங்கினார். கேமராவைப் பார்த்து என்ன முகம் வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார். படத்தில், செக்கச்செவேலென்று பூத்த மரத்தடியில், கெட்டிப் பாறையிலிருந்து பாதி ஆள் முளைத்து நின்றார்.

அந்தப் படத்தை அவள் பொதுவில் பகிர்ந்தாள். "இவருடைய மீதிப் பாதி வெடிப்புக்குள் இருக்கிறது. படத்தில் தெரியாத வெடிப்பு. மேகந்தட்டிப் பாறைக்குப் போகாதீர்கள்" என்று கூடவே எழுதினாள். இறங்கும் பேருந்திலேயே எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. வருடக்கணக்கில் யாரும் இப்படி ஒரு பயணப் படத்தைப் பார்த்ததில்லை. ஒரே மேகத்தையும் ஒரே பூவையும் பார்த்துப் பார்த்து அலுத்த கண்களுக்கு அது விருந்தாக இருந்தது. கடைசியில் நம்பிவிட்டார்கள் என்று அவள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் பகிர்ந்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். அவள் எழுதியிருந்த மூன்று வரியை யாரும் எடுத்துப்போகவில்லை. படம் மட்டும் போயிருந்தது. 'பாதி மனிதன்' என்று அதற்கு யாரோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கே நின்றால் இப்படி வரும் என்று ஒருவர் கேட்க, பட்ட மரத்துக்குப் பக்கத்தில் என்று இன்னொருவர் வழி சொல்லியிருந்தார். சனிக்கிழமைக்குக் கூடுதல் பேருந்துகள் விடப்படுவதாகக் காட்சியிட அலுவலகம் அறிவித்திருந்தது. தன்ஷிகா படத்தை அழித்தாள். அவளிடம் மட்டும் அது அழிந்தது. அலுவலகத்துக்கு அழைத்தால் அழைப்பு வரிசையிலேயே நின்றது. ருத்விக்கைக் கூப்பிட்டுப் போகாதே என்றாள். "நீயே ஊருக்கெல்லாம் காட்டிட்டு எங்களப் போகாதேங்கறயே," என்றான் அவன்.

சனிக்கிழமை முதல் பேருந்தில் அவள் ஏறினாள். மலை மேலே போனபோது மணி ஒன்பது. பாறைமேல் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். பட்ட மரத்துக்குப் பக்கத்தில் வரிசை நின்றது. ஒருவர் பிளவில் இறங்கிச் சிரிக்க, இன்னொருவர் படமெடுக்க, கைகொடுத்துத் தூக்கிவிட, அடுத்தவர் இறங்கினார். பசுவண்ணன் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து நின்று சிலர் படமெடுத்துக்கொண்டார்கள். பாதி மனிதன் இவர்தானே.

"ஏனுங், எல்லாரையும் பாறைய உட்டுக் கெளப்புங்," என்றார் அவளைப் பார்த்ததும். "விடியக்காலம் செருகின குச்சி உள்ள உழுந்துருச்சுங்."

தன்ஷிகா வரிசையின் முன்னால் போய் நின்று பேசினாள். யாரும் காதில் வாங்கவில்லை. வரிசையில் புகுந்து முந்தப் பார்க்கிறாள் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அப்போது ருத்விக் கூட்டத்தில் தெரிந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய், வெடிப்பின் நடுவில் குப்புறப் படுக்கவைத்து, காதைப் பாறையோடு அழுத்தினாள்.

"போனை அந்தாண்ட வெய்யி. கேளு."

அவன் கேட்டான். உள்ளே வெகு ஆழத்தில் கல் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கல், சற்று நேரம் கழித்து இன்னொரு கல். பிறகு ஒரு கைப்பிடி. அவன் எழுந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. தன் ஆட்கள் பதினைந்து பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர்களையும் ஒவ்வொருவராகப் படுக்கவைத்தான். படுத்து எழுந்தவர்கள் நேராகப் பாதைப் பக்கம் நடந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். கால் மணி நேரத்தில் பாறை பெரும்பாலும் காலியானது. தன்ஷிகா கடைசியாக ஒரு தாயையும் குழந்தையையும் பாதையில் கொண்டுபோய் விட்டுத் திரும்பினாள்.

பிளவில் ஒரு கல்லூரிப் பெண் மட்டும் நின்றிருந்தாள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவள். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதையில் நின்ற தோழி அங்கிருந்தே படமெடுத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அந்தப் பெண் ஒரு சாண் கீழே இறங்கினாள். காலடியில் சிக்கியிருந்த கல் நழுவியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு, குரல் வராமல், வாயை மட்டும் திறந்தாள்.

பசுவண்ணன் ஓடினார். கயிறு கட்டிக்கொள்ளவில்லை. பிளவின் அந்தப் பக்கம், பள்ளத்தாக்குப் பக்கம் தாண்டி நின்று, அவள் கைகளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி இந்தப் பக்கம் தள்ளினார். அவள் வந்து தன்ஷிகாவின் மேல் விழுந்தாள். இருவரும் உருண்டு எழுந்தபோது பசுவண்ணன் நின்ற பாறை மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. கூடவே வேலியும், பட்ட மரமும். அவர் தாண்டுவதற்குக் காலை எடுத்தார். இடைவெளி அதற்குள் அகன்றுவிட்டது. சத்தம் பிறகுதான் வந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் தூசி எழுந்து, மலையும் வானமும் தெரியாமல் போயிற்று.

ஒன்பது நாள் தேடினார்கள். கற்குவியல் பனைமர உயரத்துக்குக் கிடந்தது. உடல் கிடைக்கவில்லை.

விசாரணை நடந்தது. பசுவண்ணன் மாதந்தோறும் அனுப்பிய இருபத்தாறு படங்களை அதிகாரி மேசையில் பரப்பிவைத்திருந்தார். எல்லாவற்றிலும் பாறை முழுசாக இருந்தது. ஆகவே வெடிப்பு திடீரென்று ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது காவலர் கவனிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்றார். தன்ஷிகா ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். குச்சிகள், கயிறு, பென்சில் வரைபடம், திரும்பிப் போன இஞ்சினியர் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். ருத்விக் காதில் கேட்டதை எழுதினான். அவனோடு வந்தவர்களும், அந்தக் கல்லூரிப் பெண்ணும் எழுதினார்கள். அதிகாரி வெகுநேரம் தேடி, படிவத்தின் கடைசியில் 'படமில்லாச் சாட்சி' என்ற கட்டத்தைக் கண்டுபிடித்து அவற்றைச் சேர்த்துக்கொண்டார். கவனிக்காமல் இருந்தார் என்ற வரி அதன் பிறகு அறிக்கையில் இல்லை.

மலையில் இப்போது ஐம்பது அடி பின்னாலேயே தடுப்பு போட்டிருந்தார்கள். அங்கே நின்று படமெடுத்தவர்களுக்குப் பாறை இன்னும் வந்துகொண்டிருந்தது. வேலியோடும் பூமரத்தோடும், தோளுக்குப் பக்கத்தில் ஒற்றை மேகத்தோடும். மூலப்படத்தை மாற்ற மூன்று மாதமாகும் என்றார்கள்.

விசாரணை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பசுவண்ணனின் மனைவி கெம்பம்மா முகவரி விசாரித்துக்கொண்டு தன்ஷிகாவின் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். தன்ஷிகாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் போட்ட படந்தானுங்க ஆளுகளக் கூட்டுச்சு," என்றாள். இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லியாகிவிட்டது.

கெம்பம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பாதி மனிதனின் படம். கடையில் அச்செடுத்திருந்தாள்.

"அவரு சிரிச்சாப்பல இருக்கற படம் இது ஒண்ணுதானுங்," என்றாள். "சாமிகிட்ட வெச்சேன். ஆனா பாதிதான் இருக்குது. கடைக்காரங்ககிட்ட மீதியக் குடுங்கன்னு கேட்டேன். அப்படி ஒண்ணு எங்கயுமே இல்லைன்னுட்டாங்க. நீங்கதான எடுத்தீங்க, உங்க கண்ணுல இருக்குமுங்களே."

"இருக்குதுங்க."

கெம்பம்மா படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். "சொல்லுங்," என்றாள்.

தன்ஷிகா சொன்னாள். முதலில் தடுமாறினாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. காக்கிக் கால்சட்டை வெளுத்து மணல் நிறத்துக்கு வந்திருந்தது. இடது முழங்காலில் ஒரு தையல், நூல் மட்டும் கொஞ்சம் கருத்த காக்கி. அந்தத் தையல் தான் போட்டதுதான் என்று கெம்பம்மா சொன்னாள். இடுப்பில் நீல நைலான் கயிறு, இரண்டு முடிச்சு. நின்ற கல் ஈரமாகப் பாசி பிடித்திருந்ததால் வலது காலைக் கொஞ்சம் மடக்கி, முழங்காலைப் பாறையில் முட்டுக்கொடுத்து நின்றார். கால் வழுக்காமல் இருக்க, இறங்குமுன் செருப்பைக் கழற்றிப் புதரோரம் வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து, பாதையைப் பார்த்த மாதிரி. ஏறி வந்ததும் மண்ணைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

கெம்பம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, தம்ளரைப் பார்த்தபடி, "அந்தச் சனிக்கெழம?" என்றாள்.

தன்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். ஓடிப்போன கால்கள், தாண்டிய கால்கள், கடைசியாக எடுத்த வலது கால்.

"கழட்டலீங்க. நேரமில்லை. செருப்போடதான் இருந்தாரு."

கெம்பம்மா நீண்ட மூச்சு ஒன்றை விட்டாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுவும் நல்லதுக்குத்தானுங்," என்றாள். "கீழ பூரா முள்ளுக் காடு."